நாய்க்குட்டியின் சோற்றுக்கோப்பை

வீட்டிற்கு ஒரு நாய்க்குட்டி வந்துவிட்டால், அதற்கு என்ன பெயர் வைப்பது என்ற வாதம் இரண்டு நாட்களுக்கு ஓயாது. அதற்கு என்ன உணவு கொடுப்பது என்று வாதிடுவார் எவருமிலர். பானையின் அடியில் எஞ்சிய சோறும், மீன்குழம்பின் மண்டியும், பிள்ளைகள் கடித்துவைத்த பாண் துண்டும் ஒரு பழைய கோப்பையில் விழுகின்றன. குட்டியும் வாலை ஆட்டியபடி உண்கிறது. மூன்று நான்கு மாதங்களில் அதன் முன்னங்கால்கள் வில்லைப்போல வளைந்துவிட்டால், 'குட்டி நல்ல இனமில்லை' என்று கொடுத்தவர்மீது பழி போடுவார்கள். அப்பழி பெரும்பாலும் சேரவேண்டிய இடம் அந்தக் கோப்பைதான்.

இந்த உண்மை முதலில் வெளிப்பட்டது நாய்களின் நன்மைக்காகச் செய்த ஆராய்ச்சியிலன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், புகை சூழ்ந்த இங்கிலாந்து நகரங்களில் ஏழைக் குழந்தைகள் பலர் என்பு மெலிந்து, கால் வளைந்து வாடினர். றிக்கற்ஸ் என்னும் அந்நோயின் காரணத்தை அறிய விரும்பிய எட்வேர்ட் மெலன்பி என்ற அறிஞர், இலண்டனில் நாய்க்குட்டிகளைப் பாணும், ஓட்ஸ் கஞ்சியும், கொழுப்பு நீக்கிய பாலும் கொடுத்து வளர்த்தார். வயிறு நிறைந்தது, என்போ உறுதிபெறவில்லை. மீனெண்ணெய் சேர்த்த குட்டிகள் நோயின்றி வளர்ந்தன. 1918ஆம், 1919ஆம் ஆண்டுகளில் அவர் வெளியிட்ட இம்முடிவுகளே பின்னர் விற்றமின் டி என்ற பொருளை அறிவதற்கு வழிதிறந்தன. குழந்தைகளுக்கு மீனெண்ணெய் கொடுத்த தாய்மாருள் எத்தனை பேர், அதற்காக ஒரு நாய்க்குட்டிக்குக் கடன்பட்டவர்கள் என்பதை அறிந்திருப்பர்?

மனிதரின் தோல் வெயிலில் இச்சத்தைத் தானே ஆக்கிக்கொள்கிறது. நாயின் தோலுக்கு அந்த ஆற்றல் மிகக் குறைவு. ஆகவே, 'நமது நாட்டில் வெயிலுக்கா பஞ்சம்' என்று இருந்துவிடலாகாது. முற்றத்து வெயிலில் நாள் முழுதும் புரளும் குட்டிக்கும் அச்சத்து உணவின் வழியாகவே கிடைக்கவேண்டும்.

இதைக் கேட்டுச் சோற்றையே குற்றவாளியாக்குவதும் சரியன்று. மனிதனோடு வாழத் தொடங்கிய நாய், மாப்பொருளைச் செரிக்கவும் பழகிக்கொண்டது. மாப்பொருளைச் செரிக்கும் நொதியை ஆக்கும் மரபணு, ஓநாயிடம் இரண்டு பிரதிகளாகவே உள்ளது. நாய்களிடமோ நான்கு முதல் முப்பது பிரதிகள்வரை உள்ளன என்று 2013இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சோறு நாய்க்குப் பகையன்று. சோறு மட்டும் கொடுப்பதே பிழை.

செல்வமுள்ள வீடுகளில் நேர்வது இதற்கு மறுதலையான பிழை. நாய் புலாலுண்ணி என்று எண்ணி, என்பு நீக்கிய இறைச்சியை மட்டுமே கொடுக்கிறார்கள். தனி இறைச்சியில் கல்சியத்தைவிடப் பொசுபரசு பத்து மடங்குக்கும் மேலாக உண்டு. வளரும் குட்டிக்குக் கல்சியம் பொசுபரசுக்குச் சமமாகவோ சற்று மிகையாகவோ வேண்டும். அது கிடைக்காதபோது, இரத்தத்தின் தேவைக்காக உடல் தன் என்பிலிருந்தே கல்சியத்தை எடுக்கிறது. அதனால் கட்டிலிலிருந்து குதித்தாலே கால் முறியும் நிலை வருகிறது. இதற்கு அஞ்சி அல்சேஷன் போன்ற பெரிய இனக் குட்டிகளுக்குக் கல்சிய மாத்திரைகளை அள்ளிக் கொடுப்பதும் தீங்கே. மிகுந்த கல்சியமும் அவற்றின் என்பைக் கோணச் செய்யும். மீனெண்ணெயும் அவ்வாறே, அளவு மீறினால் நஞ்சாகும்.

கடையில் உணவு வாங்குவோர் பையிலுள்ள படத்தையும் விலையையும் பார்ப்பதைவிட, சிறிய எழுத்துக்களைப் பார்ப்பது நலம். அது முழுமையான, சமநிலையான உணவு என்றும், வளரும் குட்டிகளுக்கு உரியது என்றும் அங்கே எழுதியிருக்க வேண்டும். வளர்ந்த நாய்க்கென ஆக்கிய உணவு குட்டிக்குப் போதாது. வீட்டில் சமைப்பதாயின் சோறு, அவித்த மீன் அல்லது கோழியிறைச்சி, முட்டை, சிறிது பூசணி என்பன நல்லன. ஆயினும் கல்சியத்தையும் விற்றமின்களையும் எவ்வளவு சேர்ப்பது என்பதைக் குட்டியின் நிறையைப் பார்த்து மிருக வைத்தியரே சொல்லவேண்டும். கண்ணளவு இங்கே உதவாது. மீனை அவித்தே கொடுக்கவேண்டும். சிலவகை மீன்களின் பச்சைத் தசையில் விற்றமின் பி1ஐ அழிக்கும் பொருளொன்று உண்டு. அவிக்கும்போது அது கெட்டுவிடும். என்பின் கதை வேறு. சமைத்த கோழியென்பு ஊசிபோலப் பிளந்து குடலைக் கிழிக்கும்.

குழம்பு மண்டியைப் பற்றியும் சொல்லவேண்டும். அதிலுள்ள உறைப்பைவிட வெங்காயமே கொடிது. சின்ன வெங்காயமோ, பம்பாய் வெங்காயமோ, உள்ளியோ, வெந்தாலும் அதன் தீமை போவதில்லை. நாயின் செங்குருதிக் கலங்களை அது சிதைக்கிறது. பண்டிகை நாட்களில் பிள்ளைகள் அன்போடு ஊட்டும் சொக்கிலேற்றும், கேக்கிலுள்ள முந்திரிகை வற்றலும் நாய்க்கு நஞ்சு.

கால் வளையத் தொடங்கிய குட்டியை நாள் கடத்தாது வைத்தியரிடம் காட்டினால், உணவைத் திருத்துவதாலேயே பல குட்டிகள் தேறிவிடுகின்றன. வளைந்தபடியே முற்றிய என்பு எளிதில் நிமிராது. உணவை மாற்றும்போது ஒரே நாளில் மாற்றினால் வயிற்றோட்டம் உண்டாகும். பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டி, ஒரு வாரத்தில் மாற்றி முடிக்கலாம். மூன்று மாதம்வரை நாளுக்கு நான்கு வேளையும், ஆறு மாதம்வரை மூன்று வேளையும், அதன்பின் இரண்டு வேளையும் உணவு வைத்து, பக்கத்தில் எந்நேரமும் நல்ல தண்ணீர் இருக்கச் செய்யவேண்டும்.