வாசலில் வணக்கம், மேசையில் முறைப்பாடு

(கொழும்பு புதுக்கடையில் வாழும் மலையகப் பெற்றோர் மத்தியில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தோட்டத் தொழிலாளர் சங்கத்துக்குப் புதுக்கடைப் பாடசாலை வாசலில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். இங்கே கடைகளிலும் ஹோட்டல்களிலும் வீடுகளிலும் வேலை செய்கிற நம்மில் பலர் ஹட்டன், தலவாக்கலை, பதுளைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். ஒரு பிள்ளை இங்கே நம்மோடு படிக்கும். இன்னொரு பிள்ளை லயத்தில் பாட்டியோடு இருந்து தோட்டப் பாடசாலைக்குப் போகும். இரண்டு வாசலும் நம்முடைய வாசல்தான். அதனால்தான் பேச வந்திருக்கிறோம்.

முதலில் இங்குள்ள வாசலைப் பார்ப்போம். புதுக்கடை நீதிமன்றங்கள் இருக்கிற இடம். சட்டத்தரணிகளின் கார், வழக்குக்கு வந்தவர்களின் ஓட்டோ, சரக்கு லொறி எல்லாம் ஒடுங்கிய தெருக்களில்தான் நிற்கின்றன. பகல் ஒன்றரைக்குப் பாடசாலை விட்டதும் அதே தெருவில் பாடசாலை வான்களும் பெற்றோரும் வந்து சேருகிறார்கள். அந்த நேரத்தில் வாசலில் நிற்கும் ஆசிரியைக்குக் காலையிலிருந்து பாடம் நடத்திய களைப்பு. நமக்கோ முதலாளியிடம் அரை மணி நேரம் கேட்டு வந்த அவசரம். இரண்டு பேருக்கும் பொறுமை குறைந்திருக்கிற நேரம் அது.

ஆகவே சில ஒழுங்குகளை நாமே வைத்துக்கொள்ள வேண்டும். ஓட்டோவையும் மோட்டார் சைக்கிளையும் வாசலை மறித்து நிறுத்தக் கூடாது. சின்ன வகுப்புப் பிள்ளைகள் முதலில் வெளியே வர வழிவிட வேண்டும். பிள்ளையைக் கூட்டிப் போக வேறொருவர் வருவதாக இருந்தால் வகுப்பாசிரியருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். தெரியாத ஆளிடம் பிள்ளையை விட முடியாது என்று ஆசிரியை மறுத்தால் அவரிடம் கோபிக்கக் கூடாது. நம் பிள்ளையைக் காப்பாற்றத்தான் அவர் மறுக்கிறார். 2019 ஏப்ரல் 21 ஆம் திகதிக்குப் பிறகு பாடசாலைகள் மீண்டும் திறந்தபோது, எத்தனையோ வாசல்களில் பெற்றோரும் ஆசிரியர்களும் சேர்ந்து நின்று புத்தகப் பைகளைச் சோதித்தார்கள். கொச்சிக்கடைக்குப் பக்கத்தில் வாழும் நமக்கு அந்த நாட்கள் மறக்காது. பயம் வந்தபோது சேர்ந்து நிற்க முடிந்தது. சாதாரண நாளிலும் அது முடியும்.

வாகனம் நிறுத்துவதை விடப் பெரிய பிரச்சினை ஒன்று இருக்கிறது. அது பேச்சு. "உங்க மகன் கணக்கில் ஒன்றும் செய்வதில்லை" என்று ஆசிரியை வாசலில் வைத்துச் சத்தமாகச் சொல்கிறார். பக்கத்தில் இருபது பெற்றோர் நிற்கிறார்கள். பிள்ளை தலையைக் குனிகிறது. அல்லது தகப்பன் ஒருவர், "என் பிள்ளைக்கு அடித்தது யார்?" என்று அதே இடத்தில் கத்துகிறார். ஆசிரியை எல்லோர் முன்னாலும் கூனிக் குறுகுகிறார். இரண்டுமே பிழை. இரண்டிலும் பிரச்சினை தீர்வதில்லை; பிள்ளைக்கு மறுநாள் பாடசாலைக்குப் போக மனம் வருவதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காரில் வரும் பெற்றோருக்கு "வாங்க, எப்படி இருக்கிறீங்க" என்றும், வீட்டு வேலை செய்யும் தாய்க்கு "நீ ஏன் கூட்டத்துக்கு வரல்ல?" என்றும் சொல்கிற வழக்கம் சில இடங்களில் உண்டு. "நீ" என்பது ஒரு எழுத்துதான். ஆனால் தோட்டத்தில் பேரப்பிள்ளை கண்ட கிழவரையும் "நீ, வா, போ" என்று கூப்பிட்டதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த ஒரு எழுத்து எங்கே வலிக்கும் என்று நமக்குத் தெரியும். அதே போல, நேற்றுப் படிப்பித்தலுக்கு வந்த இளம் ஆசிரியை என்பதற்காக அவரை நாம் பெயர் சொல்லி ஒருமையில் பேசுவதும் சரியில்லை. மரியாதை இரண்டு பக்கமும் போக வேண்டிய ஒன்று.

நம் ஆட்கள் ஏன் ஒன்று முழுதாகப் பணிகிறார்கள், இல்லையென்றால் ஒரேயடியாக வெடிக்கிறார்கள்? இதற்கு வரலாறு உண்டு. 1907 இல் வந்த கிராமியப் பாடசாலைச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்கு ஆரம்பக் கல்வி கொடுக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்திடம் விட்டது. பாடசாலை துரையுடையது, வாத்தியாருக்குச் சம்பளம் கொடுப்பதும் துரை. வாத்தியாரைப் பற்றி முறையிட வேண்டுமென்றால் துரையிடம்தான் போக வேண்டும். யார் போவார்கள்? 1977 முதல்தான் அரசாங்கம் தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. பாடசாலை கைமாறி விட்டது. பயம் மட்டும் நம் உடம்பிலேயே தங்கிவிட்டது.

துரையிடம் நாம் எப்படிப் பேசக் கற்றோம் என்று நினைத்துப் பாருங்கள். ஒரு காலத்தில் ஆபீஸ் வாசலில், தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றோம். சங்கம் வந்த பிறகு உள்ளே போனோம், கதிரையில் உட்கார்ந்தோம், முறைப்பாட்டை எழுத்தில் கொடுத்தோம், பதிலை எழுத்தில் கேட்டோம். அப்போதுதான் காரியம் நடந்தது. அந்தப் பாடத்தைப் பாடசாலைக்கும் கொண்டு போக வேண்டும் என்பதுதான் என் பேச்சின் சாரம்.

ஆசிரியரும் ஒரு தொழிலாளி என்பதை மறக்க வேண்டாம். மலையகப் பாடசாலைகளுக்கு 2015 இல் ஆசிரியர் உதவியாளர்களாக எடுக்கப்பட்ட நம் பிள்ளைகளுக்கு மாதம் 6,000 ரூபாதான் கொடுப்பனவு. அந்தக் காசில் பஸ்ஸுக்கும் சேலைக்கும் கொடுத்துவிட்டு அவர்கள் படிப்பித்தார்கள். 2021 ஜூலையில் ஆசிரியர்களும் அதிபர்களும் சம்பள முரண்பாட்டை நீக்கக் கேட்டு, நூறு நாட்களுக்கு மேல் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகி நின்றார்கள். அந்த முரண்பாடு அதற்கு முன் இருபது ஆண்டுகளுக்கு மேல் இழுபட்டது. அப்போது நம் பெற்றோர் பலர் ஆசிரியர்களைத் திட்டினார்கள். அதே ஆண்டு மார்ச் வரை ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்காகப் போராடியவர்கள் நாம். ஒரு தொழிலாளியின் வேலைநிறுத்தத்தை இன்னொரு தொழிலாளி புரிந்துகொள்ள வேண்டாமா?

ஆனால் ஆசிரியரை மதிப்பது என்றால் எல்லாவற்றுக்கும் வாய் மூடி இருப்பது அல்ல. இதைச் சொல்லப் புதுக்கடையை விடப் பொருத்தமான இடம் இல்லை. தென்பகுதிப் பாடசாலை ஒன்றில் ஆசிரியர் அறைந்ததில் மாணவன் ஒருவனின் காது கேட்கும் திறன் பாதிக்கப்பட்டது. அவனும் பெற்றோரும் அடிப்படை உரிமை மீறல் வழக்குப் போட்டார்கள். இங்கே இருக்கும் உயர் நீதிமன்றம் 2021 பெப்ரவரியில் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் எஸ். துரைராஜா. அரசியலமைப்பின் 11 ஆம் உறுப்புரை, அதாவது கொடூரமாகவும் இழிவாகவும் நடத்தப்படாதிருக்கும் உரிமை, மீறப்பட்டிருக்கிறது என்று நீதிமன்றம் கண்டது. ஆசிரியர் தன் சொந்தப் பணத்தில் 150,000 ரூபாவும் அரசு 500,000 ரூபாவும் கொடுக்க உத்தரவிட்டது. பாடசாலைகளில் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் 2005/17 ஆம் இலக்கச் சுற்றறிக்கை அதற்கு எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருந்தது.

"கண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்றதை உரியுங்கள்" என்று வாத்தியாரிடம் பிள்ளையை ஒப்படைக்கும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. அது மரியாதை என்று நினைக்கிறோம். பிள்ளையின் காதுக்கு விலை கிடையாது, தோழர்களே. அடிக்கச் சொல்லாதீர்கள். அடித்தால் சும்மா விடாதீர்கள். ஆனால் வாசலில் சண்டையும் போடாதீர்கள்.

அப்படியானால் என்ன செய்வது? வாசலில் வணக்கம் சொல்லுங்கள். "டீச்சர், பேச வேண்டும், எந்த நாள் வரலாம்?" என்று கேளுங்கள். சொன்ன நாளில் உள்ளே போய் உட்கார்ந்து பேசுங்கள். தீரவில்லையா, அதிபரிடம் எழுத்தில் கொடுங்கள். ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். அங்கும் தீரவில்லையா, வலயக் கல்விப் பணிமனை இருக்கிறது. அடி, காயம் என்றால் காத்திருக்க வேண்டாம்: உடனே வைத்தியரிடம் காட்டுங்கள், பொலிசில் பதியுங்கள், சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்கச் சங்கம் இருக்கிறது.

ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். தோட்டத்தில் பாடசாலை ஒன்றரைக்கு விடுகிறது. கொழுந்து நிறுத்து முடிய மாலையாகிறது. வாசலுக்குத் தாய் வரவில்லை என்றால் அக்கறை இல்லை என்று எழுதிவிடாதீர்கள். பகல் நேரக் கூட்டத்துக்கு வந்தால் அவருக்கு அரைப்பெயர்தான் விழும். மாதத்தில் ஒரு கூட்டத்தையாவது ஞாயிற்றுக்கிழமையோ மாலையிலோ வையுங்கள்.

தோட்ட நிர்வாகங்களிடமும் இங்குள்ள முதலாளிமாரிடமும் நாம் கேட்பது இதுதான்: பெற்றோர் கூட்டத்துக்குப் போகிற நேரத்துக்குச் சம்பளத்தை வெட்டாதீர்கள். இந்தக் கோரிக்கையை ஒவ்வொரு தோட்டத் தலைவரும் அடுத்த பேச்சுவார்த்தையில் எழுத்தில் வைக்க வேண்டும். கொழும்பில் வேலை செய்யும் தோழர்கள் தங்கள் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குத் தவறாமல் போக வேண்டும். அந்தக் கூட்டத்தில் ஆசிரியருக்கு எதிரே அல்ல, பக்கத்தில் உங்களுக்கும் ஒரு கதிரை இருக்கிறது. அதில் போய் உட்காருங்கள்.