உயரக்கோல் உரைக்கும் செய்தி



பாடசாலையில் மாணவரின் உயரத்தை அளக்கும்போது, தன் வயதொத்தோரிலும் மிகக் குள்ளமாக ஒரு பிள்ளை நிற்பதைக் காண்கிறோம். "பரம்பரை அப்படி" என்று கூறி அமைந்துவிடுகிறோம். யானும் பல ஆண்டுகள் அவ்வாறே கூறியதுண்டு. ஆயினும், உள்ளே மறைந்திருக்கும் நோயை உயரக்கோல் சிலவேளை முதலில் உணர்த்திவிடுகிறது. எச்.ஐ.வி. கிருமியோடு வாழும் பிள்ளைகளின் நிலை இதற்குச் சான்றாகும்.

1989 ஆம் ஆண்டில் தென்னாபிரிக்காவில் இக்கிருமியுடன் பிறந்தவன் நிக்கோசி ஜோன்சன். 1997 இல் அவனைப் பாடசாலையிற் சேர்க்க முயன்றபோது பெற்றோர் சிலர் எதிர்த்தனர். 2000 ஆம் ஆண்டு டேர்பன் நகரில் நடந்த சர்வதேச எயிட்ஸ் மாநாட்டில், 11 வயதான அச்சிறுவன் மேடையேறிப் பேசினான். மெலிந்து சிறுத்த அவனது உருவத்தை உலகம் கண்டது. மறு ஆண்டு ஜூன் முதலாம் நாள் அவன் மறைந்தான்.

இவ்வளர்ச்சிக் குறைவு எதனால் நேர்கிறது? கிருமியோடு ஓயாது போராடும் உடலுக்கு மிகுதியான சக்தி தேவை. நோய்க்குறி தோன்றாத பிள்ளைக்கே ஏறக்குறைய 10 வீதம் கூடுதலாகவும், எடை குறைந்த பிள்ளைக்கு 50 முதல் 100 வீதம் கூடுதலாகவும் உணவுச் சக்தி வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணிப்பு. ஆனால், வாய்ப்புண்ணும் பசியின்மையும் உண்பதைத் தடுக்கின்றன. வயிற்றோட்டமோ உண்டதையும் உடலிற் சேரவிடுவதில்லை. பருவமடைதலும் பிந்துகிறது.

எனவே, உணவு மட்டும் போதாது. கிருமியை அடக்கும் மருந்தும் நாள்தோறும் தவறாது வேண்டும். மருந்து தொடங்கியபின் எடை முதலில் தேறும். உயரம் மெல்லவே கூடும். பிந்தித் தொடங்கினால் இழந்த உயரம் முழுவதும் மீள்வதரிது. கைக்குழந்தைகளுக்குத் தாமதமின்றி மருந்து தொடங்கியதால் இறப்பு நான்கில் மூன்று பங்கு குறைந்ததென 2008 இல் வெளியான தென்னாபிரிக்க ஆய்வு காட்டிற்று.

தாயிடமிருந்து சேய்க்கு இக்கிருமி பரவுவதை ஒழித்த நாடென இலங்கையை 2019 இல் உலக சுகாதார ஸ்தாபனம் ஏற்றுக்கொண்டது. கருவுற்ற தாய்மாரை உரிய காலத்திற் பரிசோதித்துச் சிகிச்சை அளித்ததன் பயன் அது.

நேயர்களே, அருகில் அமர்வதாலோ சேர்ந்து உண்பதாலோ இக்கிருமி தொற்றாது. வளர்ச்சி குன்றிய பிள்ளை எவராயினும், காரணத்தை வைத்தியரே ஆராயட்டும். ஏளனமின்றி அவரிடம் அழைத்துச் செல்வதும், அறிந்த செய்தியைப் பிறரிடம் பரப்பாது காப்பதும் நம் கடன். உயரம் குறைந்ததற்காக எந்தப் பிள்ளையும் நம் முன்னே தலைகுனிந்து நிற்கலாகாது.