வழி அடைபட்டபோது



2024 டிசம்பர் 2, திருவருகைக் காலம் தொடங்கிய மறுநாள். சென்னையிலிருந்து மதுரை திரும்பிய நமது வேன் விழுப்புரத்தைத் தாண்டி நின்றுவிட்டது. பெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி நீர் திறக்கப்பட, தென்பெண்ணை பெருகி, அரசூரில் நெடுஞ்சாலையையே மூடியிருந்தது.

மணிக்கணக்கில் காத்திருந்தோம், முணுமுணுத்தோம். பாதை திறக்க வேண்டுமென்று செபமாலையும் சொன்னோம். நம்மை நிறுத்திய அதே வெள்ளம் அக்கம்பக்கத்து ஊர்களில் வீடுகளுக்குள் புகுந்திருந்தது. அவர்களுக்கென ஓர் அருள்நிறை மந்திரம்கூட நாம் சொல்லவில்லை!

நல்ல சமாரியன் தன் பயணத்தை நிறுத்திக்கொண்டு இறங்கினான். நாமோ, பயணம் தானே நின்ற பின்பும் இறங்கவில்லை.

ஒரு தீர்மானம் எடுப்போம்: வழி அடைபடும்போதெல்லாம், அப்பால் அழுகிறவர் யாரென்று முதலில் கேட்போம். ஆமென்.