படிக்காத புத்தகமும் பக்கபலமே!



இந்த ஊர் மேடையில் எனக்கு ஒரு சௌகரியம் உண்டு. தமிழில் தடுமாறினால் தெலுங்கு என்று சொல்லிக்கொள்ளலாம். அதிலும் மாட்டிக்கொண்டால் கன்னடம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். (சிரிப்பு)

எதிரணித் தம்பி ஆவேசமாகக் கேட்டார். "மனசு சரியில்லைன்னா நாலு மனுஷங்ககிட்டப் பேசணும். காசைக் கொண்டுபோய்ப் புத்தகக் கடையில கொட்டினா அது ஆறுதலா, வியாதியா? வாங்கினதுல பாதியைப் பிரிக்கவே இல்லையே!" என்றார். தம்பி, உங்க வீட்டுப் பீரோவில் கட்டாத பட்டுப்புடவை எத்தனை இருக்கு? உங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் கேமரா முன்னாடி சொல்ல மாட்டீங்க! (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் அவர்களே, ஓசூர், பாகலூர் என்றாலே ரோஜாதான். காதலர் தினம் வந்தால் விமானம் ஏறுகிறது. நான் இப்போது சொல்லப் போகிற ரோஜா கோட்டையூர் ரோஜா. ரோஜா முத்தையா. சென்னையில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர். மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகள்தான் அவருக்குக் கோயில். புத்தகம் மட்டுமா வாங்கினார்? பழைய பத்திரிகை, நாடக நோட்டீஸ், நாம் சாப்பிட்டுவிட்டு வீசுகிறோமே கல்யாண அழைப்பிதழ், அதைக்கூட விடவில்லை. சேர்ந்தது சுமார் ஒரு லட்சம்! நாளைக்கு ஒன்று என்று படித்தாலும் 270 வருஷத்துக்கு மேல் ஆகும். அந்த மனிதர் கணக்குத் தெரியாமலா வாங்கினார்?

1985-இல் மூர் மார்க்கெட் தீயில் எரிந்து போனது. அங்கிருந்து அவர் தூக்கி வந்தவை பிழைத்தன. 1992-இல் அவர் காலமானார். சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, அமெரிக்காவுக்குக் கொண்டுபோகாமல், 1994-இல் சென்னையிலேயே நூலகமாக்க வழி செய்தது. அவர் பிரிக்காமல் வைத்ததை எல்லாம் இன்றைக்கு யார் யாரோ உட்கார்ந்து பிரித்துப் படிக்கிறார்கள்.

"அவர் பெரிய மனுஷர், கவலையில இருக்கிற சாதாரண ஆளுக்கு என்ன ஆறுதல்?" என்று தம்பி முணுமுணுக்கிறார். சரி, என் வீட்டுக்கே வாருங்கள்.

என் வீட்டுக்காரர் ஒரு தொழிற்சாலையில் சூபர்வைசர். 2020-இல் ஊரடங்கு தளர்ந்த கையோடு, "ஆள் அதிகம்" என்று சொல்லி இருபது வருஷம் உழைத்தவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பேச்சே நின்றுபோனது. தம்பி சொன்னபடி நாலு மனுஷங்க வரத்தான் செய்தார்கள். "அடுத்து என்ன பண்றதா உத்தேசம்?" என்று ஆளுக்கொரு தடவை கேட்டார்கள். அதற்குப் பயந்தே மனுஷன் பின்கட்டில் போய் உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் பஸ் ஏறி பெங்களூரு அவென்யூ ரோட்டுக்குப் போவார். நடைபாதைக் கடைகளில் மணிக்கணக்காகக் கிளறுவார். முப்பது ரூபாய்க்கோ நாற்பது ரூபாய்க்கோ ஒரு புத்தகத்தோடு வருவார். தூசியைத் துடைப்பார், முதல் பக்கத்தில் தேதி எழுதுவார், அலமாரியில் வைப்பார். படிக்க மாட்டார்! பஸ் காசையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. தமிழ்ப் பேராசிரியைதான், புத்தகத்தைக் கும்பிடுகிறவள்தான். ஆனால் மளிகைக்காரர் பாக்கி கேட்கும்போது திருவள்ளுவரே வந்தாலும் கோபம்தான் வரும். (சிரிப்பு)

ஒருநாள் கேட்டேவிட்டேன். "சம்பளம் இல்லாத வீட்டுல படிக்காத புத்தகம் எதுக்குங்க?"

அவர் நிதானமாகச் சொன்னார். "இப்ப ரெண்டு வரி படிச்சா மூணாவது வரியில அந்தக் கம்பெனி கேட் வந்து நிக்குது. அதனால படிக்கலை. மறுபடி வேலை கிடைச்சு, ஒரு சாயங்காலம் நிம்மதியா உட்காருவேன் இல்ல, அன்னிக்குப் படிக்க வாங்குறேன்."

நடுவர் அவர்களே, மனசு ஒடிந்தவனுக்கு முதலில் தொலைந்துபோவது நாளைக்கு என்கிற நினைப்பு. அதை இவர் நாற்பது ரூபாய் கொடுத்து வாங்கி வந்திருக்கிறார்! (பலத்த கைதட்டல்)

எதிரணிக்கு ஒன்றை விட்டுத் தருகிறேன். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தால் மாத்திரைதான் சாப்பிட வேண்டும். கடன் அட்டையைத் தேய்த்துப் பெட்டி பெட்டியாக வாங்கினால் அது கவலைக்கு வட்டி கட்டுகிற வேலை. நான் அதற்கு வக்காலத்து வாங்க வரவில்லை.

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார். முடித்துவிடுகிறேன் ஐயா.

எட்டு மாதம் கழித்து, பழைய சம்பளத்தில் பாதிக்கு ஒரு வேலை கிடைத்தது. முதல் நாள் போய்விட்டு வந்தார். கை கால் கழுவினார். அலமாரி முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். அடியில் இருந்து ஒன்றை உருவிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தார். காபி கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தேன். அரைமணி கழித்து எட்டிப் பார்த்தேன். காபி ஆறி ஆடை கட்டியிருந்தது. மனுஷன் பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். நான் கூப்பிடவில்லை.

(கைதட்டல்)