வாசற்படியிலேயே பிரிப்போம்

(ஊராட்சி மன்றத் தலைவர்களும் தூய்மைக் காவலர்களும் மகளிர் குழுவினரும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



பிளாஸ்டிக் கைப்பைகளை நம் மாநில அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்துள்ளது. ஆயினும் அவை நம் ஊர்களை விட்டு முற்றிலும் அகலவில்லை. தடைக்கு உட்படாத பால் உறைகளும் எண்ணெய் உறைகளும் நாள்தோறும் வீடுகளுக்கு வருகின்றன. இவற்றை எறிந்துவிட்டால் காரியம் முடிந்ததென்று நாம் எண்ணலாகாது. மடையில் அடைத்துக்கொண்டால் கடைமடை வயலுக்குத் தண்ணீர் எட்டாது. எச்சில் சோற்றோடு எறிந்த பையைப் பசு விழுங்கினால், அது செரிக்காமல் இரைப்பையில் தங்கித் தீனியை மறிக்கும். கொளுத்தினாலோ, நச்சுப்புகை நம் குழந்தைகளையே வந்தடையும்.

இப்பைகளுக்கு நற்பயன் ஒன்று உண்டு. மதுரைத் தியாகராசர் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் அவர்கள் அதனைக் கண்டறிந்தார். 2018-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். பைகளைச் சிறு துண்டுகளாக்கிச் சூடேற்றிய ஜல்லியின் மீது தூவினால், அவை உருகிக் கல்லின்மேல் மெல்லிய பூச்சாகப் படியும். பின்னர்த் தாரைக் கலப்பர். தார் கல்லை இறுகப் பற்றுவதால் மழைநீர் எளிதில் உட்புகாது. 3.75 மீட்டர் அகலமுள்ள ஒரு கிலோமீட்டர் சாலைக்குச் சுமார் 1 டன் பிளாஸ்டிக் செலவாகும்.

ஆனால், அதற்குரிய பை தூய்மையாகவும் உலர்ந்தும் இருத்தல் வேண்டும். குழம்பும் சேறும் படிந்த பை அதற்கு உதவாது. குப்பைமேட்டில் அதனைத் தேடிப் பிரிக்கும் தூய்மைக் காவலரின் கைகளுக்கும் அது கேடு. ஆகவே, பை சாலையாவதும் குப்பையாவதும் நம் வாசற்படியிலேயே முடிவாகிறது.

நாம் செய்யத்தக்கவை மூன்று. உறையைக் கழுவி, உலர்த்தித் தனிச்சாக்கில் சேர்ப்போம். மக்கும் குப்பையோடு கலவாமல் காவலரிடம் ஒப்படைப்போம். பி.வி.சி. குழாய்த் துண்டுகளை அச்சாக்கில் இடாதிருப்போம். அவற்றைச் சூடேற்றினால் நச்சுவாயு எழும். இது தாய்மார்கள் தலையில் மட்டும் சுமத்தத்தக்க பணியன்று. வெறுங்கையோடு கடைக்குச் சென்று பை கேட்போர் பெரும்பாலும் ஆண்மக்களே!

பழைய பைக்குப் பயன் உண்டென்பதற்காகப் புதிய பையை வாங்குதல் அறிவுடைமையன்று. கடைக்குச் செல்லுங்கால் நம் தோளில் மஞ்சட்பை தொங்கட்டும். தவிர்க்க இயலாது வந்துசேரும் உறை மட்டும் சாக்கிற்குச் செல்லட்டும். இவ்வழக்கத்தை இவ்வாரமே தத்தம் ஊராட்சியில் தொடங்குமாறு அனைவரையும் அன்போடு வேண்டுகிறோம்.