மூவலூர் அம்மையார் கண்ட இரு சிறைகள்



வெள்ளி விழாக் காணும் நம் சங்கத்தின் மேடையில், பெண்ணுரிமைக்கு உழைத்துச் சிறையும் கண்ட மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரைப் பற்றிச் சில கூற விழைகின்றோம்.

1883இல் பிறந்த அம்மையார், வறுமையால் சிறு வயதிலேயே பத்து ரூபாய்க்கும் ஒரு பழம்புடவைக்கும் தாசி ஒருவரிடம் விற்கப்பட்டார் என்பர். பொட்டுக் கட்டும் வழக்கமே அவர் கண்ட முதற் சிறை. அதற்குப் பூட்டில்லை, காவலரும் இல்லை. குலமரபு என்று பெயர் சூட்டியிருந்தமையால், அதனைச் சிறையென்று உணர்ந்தோர் சிலரே. அம்மையார் உணர்ந்தார். தம் இசையாசிரியரையே மணந்து வெளியேறினார். ஊர்தோறும் சென்று அவ்வழக்கத்தை எதிர்த்துப் பேசினார். 1936இல் ‘தாசிகளின் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்னும் நாவலை எழுதினார். 1947இல் பொட்டுக்கட்டுத் தடைச் சட்டம் நிறைவேறியது.

இரண்டாம் சிறை அரசினருடையது. 1938இல் கட்டாய இந்தியை எதிர்த்துத் திருச்சியிலிருந்து சென்னைக்கு 42 நாள் நடந்த தமிழர் படையில், ஐம்பத்தைந்து வயது அம்மையாரும் நடந்தார். அவ்வாண்டு நவம்பரில் ஆறு வாரச் சிறைத்தண்டனை பெற்றார். அதே போராட்டத்தில் சிறைப்பட்டு, 1939 ஜனவரி 15இல் உயிர்நீத்த நடராசன் ஒடுக்கப்பட்ட நம் மக்களுள் ஒருவர் என்பதை இளைஞர்கள் மறத்தலாகாது.

அரசினர் சிறைக்கு நாட்கணக்கு உண்டு. நாள் முடிந்தால் கதவு திறக்கும். வழக்கம் என்னும் சிறைக்கோ கணக்கில்லை. உள்ளிருப்போரே உடைத்தல் வேண்டும்.

நம் பகுதியை நோக்குவோம். பழவேற்காட்டு ஏரியில் இறங்கிக் கையால் இறால் தடவும் நம் தாய்மார், பெண்மக்களைப் பள்ளிக்கு அனுப்பத் தவறுவதில்லை. ஆயினும் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும், “வயது வந்த பெண்ணைப் பொன்னேரிக்குத் தனியே பஸ் ஏற்றி அனுப்புவதா?” என்னும் கேள்வி எழுகின்றது. ஓராண்டிற்குள் திருமணப் பத்திரிகை வருகின்றது. இதற்கும் வழக்கம் என்றே பெயர்!

1989இல் அம்மையார் பெயரால் அரசு தொடங்கியது ஏழைப் பெண்களுக்கான திருமண உதவித் திட்டம். 2022இல் அதுவே, அரசுப் பள்ளியிற் பயின்ற மாணவியரின் உயர்கல்விக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டமாக மாறியது. கல்யாணச் செலவுக்கென இருந்த பணம் கல்லூரிப் படிப்புக்கு ஆயிற்று. அரசு மாறியவாறே நம் இல்லங்களும் மாறுதல் வேண்டும்.

ஆண்டுதோறும் தேர்ச்சி பெறும் நம் பெண்களுள் எத்தனை பேர் கல்லூரி சேர்ந்தனர் எனச் சங்கம் கணக்கெடுக்கட்டும். சேராத பெண்ணின் வீட்டுக்கு நாம் நேரிற் சென்று பெற்றோரிடம் பேசுவோம். இளைஞர்களே, உங்கள் தங்கையரை விண்ணப்பம் எழுதச் செய்யுங்கள். முதல்நாள் கல்லூரிக்குத் துணையாகச் செல்லுங்கள். அம்மையாருக்கு நாம் செய்யத்தக்க சிறப்பு அதுவே.