நாம் என்னும் சொல்

இன்று இறையியல் பட்டம் பெறும் தம்பி தங்கைகளே,

நான் இறையியல் படித்தவன் அல்லன். முப்பது ஆண்டுகள் செய்தித்தாளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஞாயிற்றுக்கிழமை பின்வரிசையில் உட்காருகிற சபையான். திருச்சபையைப் பற்றி ஏதாவது வில்லங்கமான செய்தி அடிபடும் நாளில் என் மேசைக்கு இரண்டு விதமான போன் வரும். ஒன்று: “தம்பி, நீ நம்ம பையன். இதைப் போட்டுராதே, சபை மானம் போயிரும்.” இன்னொன்று: “கட்டாயம் போடுங்க சார். இவங்க எல்லாருமே இப்படித்தான்.” இப்படிச் சொன்ன ஒருவர் குற்றம் நடந்த அதே கமிட்டியில் ஐந்து ஆண்டு இருந்து, வாய் திறக்காமல் கையெழுத்துப் போட்டவர். முதல் ஆளுக்குக் குற்றத்தை மூட வேண்டும். இரண்டாம் ஆளுக்குக் குற்றத்திலிருந்து தான் மட்டும் நழுவ வேண்டும். அந்தக் குற்றத்தால் அடிபட்டவர் யார் என்று இருவருமே என்னிடம் கேட்டதில்லை.

இரண்டு போனிலும் பிசகுவது ஒரு சிறு சொல்தான்: நாம். இடையன்குடியில் வாழ்ந்து, அங்கேயே அடக்கமாகியிருக்கும் மிஷனரி கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில், திராவிட மொழிகளின் ஒரு சிறப்பை எடுத்துக் காட்டுகிறார். தன்மைப் பன்மைக்கு நம்மிடம் இரண்டு சொற்கள் உண்டு. ‘நாங்கள்’ என்றால் கேட்பவர் வெளியே நிற்கிறார். ‘நாம்’ என்றால் அவரும் உள்ளே வந்துவிடுகிறார். இதை இவ்வளவு நுட்பமாகக் கண்டவர், தாம் ஊழியம் செய்த மக்களைப் பற்றி 1849இல் எழுதிய நூலில் அவர்களை எட்ட நின்றுதான் பார்த்தார். படித்துத் தலைநிமிர்ந்த அவர்களின் பிள்ளைகள் பின்னாளில் அந்த நூலை எதிர்த்துக் கிளம்பினார்கள். இலக்கணம் தெரிவது வேறு, அதன்படி வாழ்வது வேறு.

நம் பேச்சைக் கவனியுங்கள். 1900இல் மருத்துவர் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய வேலூர் ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேசும்போது, “நாங்கள் கட்டினோம்” என்கிறோம். அந்தக் கட்டடத்துக்கு ஒரு செங்கல் தூக்காதவனுக்கும் அந்த ‘நாங்கள்’ சுலபமாக வருகிறது. கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கு ஒரு மூலை, பள்ளியில் வேலை தரப் பணம், திருமண்டலத் தேர்தலுக்காகக் கோர்ட்டுப் படி ஏறுவது என்று பேச்சு வந்தால், அதே வாய் “அவர்கள்” என்று மாறிவிடுகிறது. புகழில் பங்கு கேட்கிறோம். பழியில் பாகப்பிரிவினை செய்துகொள்கிறோம்.

மூடி மறைக்கிறவர்களின் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் 6.12 விழுக்காடு. சிறுபான்மையாக இருப்பவர்களின் ஒரு தவறு, மொத்தக் கூட்டத்தின் தலையிலும் ஏற்றப்படும். அதற்கென்றே காத்திருப்பவர்களும் உண்டு. ஆனால் செய்தி அறையில் இருந்து நான் பார்த்தது இது: சபை தானே சொன்ன தவறு இரண்டு நாளில் பழசானது, சபை புதைத்த தவறு பத்து ஆண்டு கழித்து, வட்டியும் முதலுமாக முதல் பக்கத்துக்கு வந்தது.

இதற்கு ஒரு சாட்சி வடக்கன்குளம், உங்களில் பலருக்குத் தெரிந்த ஊர். அங்கே 1872இல் ஒரே பீடத்தை நோக்கி இரண்டு கூடங்களாகப் பிரிந்த ஒரு கத்தோலிக்கக் கோயில் எழுந்தது. வேளாளர் ஒரு பக்கம், நாடார் ஒரு பக்கம், நடுவே சுவர். சண்டை வராமல் இருக்கட்டும், ஊர் சிரிக்காமல் இருக்கட்டும் என்று கட்டிய அமைதி அது. 1910இல் கௌசானல் என்ற இயேசு சபைக் குரு அந்தச் சுவரை இடிக்கச் செய்தார். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. பிரிவினை கேட்டவர்கள் தோற்றார்கள். சபையின் உட்சண்டை நீதிமன்றப் பதிவேட்டில் ஏறியது உண்மைதான். இன்று அந்த ஊரில் நமக்குத் தலைகுனிவு தருவது இடித்த ஆண்டா, கட்டிய ஆண்டா? சுவரை இடிக்கும் வேலை இன்னும் முடியவில்லை. தீண்டாமை தனக்குள்ளேயே இருக்கிறது என்று இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் எழுத்தில் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டதால் திருச்சபை சரிந்துவிடவில்லை.

சேகரத்துக்குப் போகிறவர்களுக்கு மூன்று காரியம் சொல்கிறேன். யாரும் கேட்பதற்கு முன்பே கணக்கு அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கட்டும். ஒரு குழந்தைக்குக் கேடு நடந்ததாகக் காதில் விழுந்தால் கமிட்டியைக் கூட்டாதீர்கள், காவல் நிலையத்துக்குப் போங்கள். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் அதை உங்கள் கடமையாக்கியிருக்கிறது. மூன்றாவது, யார் இறந்தாலும் சாதி பாராமல் அடுத்த குழி எதுவோ அதிலேயே அடக்கம் பண்ணுங்கள். முதல் முறை கொஞ்சம் சத்தம் இருக்கும், நின்றுகொள்ளுங்கள்.

கடைசியாக, நான் கண்ணால் பார்த்த ஒன்று. ஒரு சபையின் வருடாந்தரப் பொதுக்கூட்டம். ஆராதனை முடிந்து, அசன விருந்துக்கு இலை போட்டாயிற்று. கணக்கு வாசித்து முடித்த செக்ரட்டரி “எல்லாருக்கும் சம்மதந்தானே” என்று பைலை மூடினார். பெண்கள் பக்கம் வெள்ளைச் சேலை கட்டிய ஒரு பாட்டி எழுந்து, கல்லறைச் சுவருக்குப் பிரித்த காணிக்கை எங்கே என்று கேட்டார். கூடம் அடங்கிப்போனது. ஓரத்தில் மைக் செட்காரர் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவர் அந்தச் சபையைச் சேர்ந்தவர் அல்லர். செக்ரட்டரி அவரைக் கண்ணால் காட்டி, “வெளியாள் இருக்கும்போது இதெல்லாம் பேசலாமாம்மா, உக்காருங்க” என்றார். பாட்டி உட்காரவில்லை. “நம்ம கணக்குதானே ஐயா? நம்ம கணக்கை நாம கேக்கக் கூடாதா?” என்றார்.

பதில் வரவில்லை, சோறுதான் வந்தது. நானும் அன்று வாய் திறக்கவில்லை, இலையில் உட்கார்ந்தேன். வெளியே வந்தபோது மைக் செட்காரர் வண்டியில் பெட்டியை ஏற்றிக்கொண்டே சொன்னார்: “எங்க கோயில் கமிட்டியிலயும் இதே கதைதான் சார். ஆனா அந்தம்மா பேசினது பின்னால இருந்தவங்களுக்குக் கேக்கவே இல்ல. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மைக்கை ஆன் பண்ணியிருப்பேன்.”

தம்பி தங்கைகளே, நாளை முதல் அந்த மைக் உங்கள் கையில் இருக்கும். பாட்டி எழுந்து நிற்பார். அவர் பக்கம் அதை நீட்டுங்கள். உங்கள் ஊழியம் செழிக்கட்டும்.